பரிசோதனைத் தாளில் கறுப்பாகத் தெரிகிற ஓட்டை என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

சிவப்புமை

22 வருடமாக மெய்ப்புப் பார்ப்பதுதான் தொழில். விட்டுப்போன ஒற்று, ‘ன’ வரவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த ‘ண’, ஒரு வரியின் முடிவிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இரண்டு தடவை வந்துவிட்ட ஒரே சொல், இவற்றைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டால் சம்பளம். கண்ணை நம்பித்தான் பிழைப்பு ஓடுகிறது.

போன மாதம் கண்ணாடியின் பவரை மாற்றலாம் என்று கண் மருத்துவரிடம் போனேன். கண் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது ஒரு புள்ளி மின்னினால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். மின்னியதா, மின்னியதுபோல் இருந்ததா என்று புரியாமல் பாதி நேரம் தவிப்பாகவே இருந்தது.

வலக்கண் தாளில் ஒரு கறுப்புத் திட்டு. அது எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார். இடக்கண் தாளில் இரண்டு. ஒன்று அதே இயற்கையான திட்டு. இன்னொன்று மூக்குப் பக்கமாக, மேலே, புருவத்தைப் போல வளைந்து கிடக்கிறது. க்ளாகோமா. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டு வருகிறேன். வைத்தியத்தைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை.

எனக்குப் புரியாதது வேறு. தாளில் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். ஒரு கரும்புள்ளியாவது தெரிகிறதா என்று என்று வெகுநேரம் தேடினேன். சுவர் முழுசாக, வெள்ளையாக இருக்கிறது. அரைப் புருவம் அளவுக்குப் பார்வை போயிருக்கிறது, போன இடம் எது என்றே தெரியவில்லை என்றால் இது எப்படி? மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்றுகூட நினைத்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சமீபத்தில் நான் பார்த்து அனுப்பிய ஒரு பக்கத்தில் மூன்று பிழைகள் இருந்ததாகத் திரும்பி வந்தது. அந்த ஓட்டைக்குள்தான் அவை விழுந்தனவா?

இருட்டறை

சார், நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், கண் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த ஒரு பாடத்தை மட்டும் வருடா வருடம் ஆசையாக நடத்துவேன்.

முதலில் அந்த ‘எல்லோருக்கும் இருப்பது’ திட்டை நீங்களே பாருங்கள். மன்னிக்கவும், பார்க்க முடியாது என்பதைப் பாருங்கள். ஒரு தாளில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு இடப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வட்டம். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பெருக்கல் குறியையே பாருங்கள். கையை நீட்டிப் பிடித்த தாளை மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் வட்டம் போய்விடும். இன்னும் கிட்டே வந்தால் திரும்பி வரும். வட்டத்தின் மேல் இப்போது ஒரு கோடு கிழியுங்கள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மறுபடி செய்தால் வட்டம் போகும், கோடு மட்டும் முறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சத்தம் எழும்.

1660களில் எட்மே மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது இது. வாயு விதியில் பாயிலோடு சேர்த்துச் சொல்வோமே, அதே மரியோட்தான். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன. அவற்றிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம். இந்த இழைகள் விழித்திரையின் பின்பக்கம் ஓடாமல் முன்பக்கமாக, ஒளி வரும் வழியிலேயே ஓடுகின்றன. மூளைக்குப் போக வேண்டுமானால் எங்காவது ஓரிடத்தில் துளை போட்டுப் பின்னால் இறங்கியாக வேண்டும். இறங்குகிற அந்த இடத்தில் ஒளியை உணர எதுவும் கிடையாது. ஆக்டோபஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நரம்பிழைகள் பின்னால் ஓடுகின்றன.

அது சின்ன ஓட்டையும் இல்லை. அகலம் ஐந்தரை டிகிரி இருக்கும். முழுநிலா அரை டிகிரிதான். பதினொரு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி உள்ளே வைத்து மறைத்துவிடலாம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் தலை அதற்குள் காணாமல் போகும். (மனைவியிடம் செய்துகாட்டினேன். பாராட்டு கிடைக்கவில்லை.)

ஏன் கறுப்பாகத் தெரியவில்லை என்றால், கறுப்பு என்பதும் ஒரு சேதி. ‘இங்கே ஒளி இல்லை’ என்று ஒரு செல் இருந்து சொன்னால்தான் கறுப்பு. சொல்ல ஆளே இல்லாத இடத்திலிருந்து கறுப்பு என்ற சேதியும் வராது. உங்கள் பின்மண்டைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? கறுப்பா? இல்லை அல்லவா. அங்கே ஒன்றுமே தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. க்ளாகோமாவில் இறந்துபோவது அந்த 10 லட்சம் இழைகளை அனுப்பும் செல்கள்தான். ஆகவே உங்கள் இரண்டாவது ஓட்டையும் அதே சாதி.

வழிப்போக்கன்

இருட்டறை சொல்வது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தலைவலி வருவதற்கு முன்னால் பார்வையில் ஒரு ஓட்டை விழும். எனக்கு அது நன்றாகவே தெரிகிறது! ரம்பப்பல் மாதிரி மினுமினுத்துக்கொண்டு ஓரமாக நகரும். ஓட்டை தெரியாது என்றால் அது எப்படித் தெரிகிறது?

அப்புறம், ‘மூளை நிரப்புகிறது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருக்காக நிரப்புகிறது? மூளைக்குள் இன்னொருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாரா, அவருக்கு ஓட்டை தெரியக்கூடாது என்று சாயம் பூசுவதற்கு? அங்கிருந்து தகவல் வரவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி கேட்டவருக்கு: மூளையின் வேலையைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் ஓரத்தை இமைக்கு மேலே விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உலகமே ஆடும். அதே கண்ணை நீங்களாகத் திருப்பும்போது உலகம் ஆடுவதில்லை.

புள்ளிவெளிச்சம்

வழிப்போக்கன் சொன்ன கடைசிச் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண் அழுத்தத்துக்கு மருந்து போடுகிறவரிடம் போய்க் கண்ணை அழுத்தச் சொல்வார்களா?

நான் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கேட்பதுதான். ஆனால் அந்த மெஷினும் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்தது, அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அடிக்கடி அது அந்த இயற்கையான ஓட்டைக்குள்ளேயே ஒரு புள்ளியை மின்னவைக்கும். அது உங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்து பட்டனை அழுத்தினால், கண் நடு விளக்கை விட்டு நகர்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளும். சில சமயம் புள்ளியே காட்டாமல், காட்டப்போவதுபோல் ஒரு சத்தம் மட்டும் போடும். அதற்கும் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் திட்டுவதில்லை. பயத்தில் எல்லோரும் செய்வதுதான். உங்கள் தாளின் மூலையில் இந்தக் கணக்கெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

தாளில் கறுப்பாக அச்சடிப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்பது என் கட்சி. அந்தக் கறுப்புக்கு ‘இங்கே மிகப் பிரகாசமான புள்ளியைக் காட்டியும் பட்டன் அழுத்தப்படவில்லை’ என்பது மட்டும்தான் அர்த்தம். நோயாளி அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி ஒரு கறுப்புத் திரை தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். தெரியாததால் நோயே இல்லை என்று மருந்தை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் சொல்வது ‘கொஞ்சம் மங்கல்’, ‘அந்தப் பக்கம் வந்த ஆளைக் கவனிக்கவில்லை’, ‘படியைக் காணவில்லை’ என்பதுபோலத்தான் இருக்கும். கறுப்பு என்று சொன்னவர்கள் அநேகமாக இல்லை.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் ஓட்டையை மறுகண் மூடிவிடுகிறது. அதனால்தான் இந்த நோய் இவ்வளவு நாள் ஒளிந்திருக்க முடிகிறது. வேறு எதற்கோ வந்த இடத்தில் பிடிபட்டதே உங்கள் அதிர்ஷ்டம் சார்.

சிவப்புமை

முதலில் ஒன்று. நான் சார் இல்லை. மெய்ப்புப் பார்க்கிறவர் என்றதும் இரண்டு பேருமே ஒரு ஆணை உட்காரவைத்துவிட்டீர்கள். தகவல் இல்லாத இடத்தை நிரப்புவது என்றால் இதுதான்போல!

இரவு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பெருக்கல் குறியும் வட்டமும் சொன்னபடியே நடந்தன. கோடு முறியாமல் ஓடியதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன், உண்மையைச் சொன்னால்.

அப்புறம் என் சொந்த ஓட்டையைத் தேடினேன். எழுத்து நிறைந்த ஒரு மெய்ப்புப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நடுவில் ஒரு ‘ழ’வைத் தேர்ந்தெடுத்து, வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்தேன். சிவப்புப் பேனாவின் மூடியை வலது மேல் மூலையிலிருந்து மெதுவாக உள்ளே நகர்த்தினேன். சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சிவப்பு இல்லை. கை இருந்தது, பேனாவின் தண்டு இருந்தது, மூடியைக் காணவில்லை. காணாமல் போன கணம் எது என்று பிடிக்கப் பார்த்தேன். ஐந்தாறு முறை செய்தும் பிடிபடவில்லை. இருந்தது, பிறகு இல்லை. நடுவில் ‘போகிறது’ என்று ஒன்று நடக்கவே இல்லை. பேனாவை வைத்துக்கொண்டே சுற்றிலும் எல்லை தேடிப் பென்சிலால் புள்ளி வைத்தேன். கண் ‘ழ’வை விட்டு ஓடிக்கொண்டே இருந்ததால் கோணல்மாணலாக வந்தது, ஆனாலும் புருவ வளைவுதான். மருத்துவர் கொடுத்த தாளோடு ஒத்துப்போகிறது. மெஷினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூடி போன இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? அச்சு. வரி வரியாக அச்சடித்த பக்கம் இருந்தது. சந்தேகப்பட்டு, நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் காகிதத்தை வெட்டி அந்த வளைவுக்குள் ஒட்டினேன். மஞ்சள் போய், அங்கேயும் வரிகள் வந்துவிட்டன. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்த்தால் ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை. வரி மாதிரி இருக்கிறது, வரி இல்லை. வழிப்போக்கன், யாரும் எதையும் பூசவில்லை என்றால் அந்த மஞ்சளின் மேல் என் கண்ணுக்கு யார் வரி போட்டது?

இருட்டறை

மன்னியுங்கள் அக்கா. நல்ல அடி.

படிக்க முடியாததை மட்டும் ஓட்டையின் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்வையின் நடுவிலிருந்து அவ்வளவு தள்ளி, பழுதே இல்லாத கண்ணாலும் அச்செழுத்தைப் படிக்க முடியாது. அங்கே எல்லோருக்கும் ‘வரி மாதிரி’தான் தெரியும். மஞ்சள் போனதுதான் ஆதாரம்.

வழிப்போக்கனின் தலைவலிக்கு வருகிறேன். மினுமினுப்பது ஓட்டையின் கரை. மூளையின் பின்பகுதியில், பார்வைப் புறணியில், ஒரு கிளர்ச்சி அலை மெதுவாகப் பரவுகிறது. அலையின் முன்விளிம்பில் நரம்புகள் தாறுமாறாகத் துடிப்பதால் ரம்பப்பல் தெரிகிறது. அலை கடந்துபோன இடம் சிறிது நேரம் ஊமையாகிவிடும். அடுத்த முறை வரும்போது பல்லைப் பார்க்காமல் அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். கறுப்பு இருக்காது.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளருக்கும் இதே தலைவலி. அந்த நேரத்தில் பார்வையில் விழுந்த ஓட்டையை நேரத்தோடு வரைந்துவைத்து, அந்த அலை புறணியில் நிமிடத்துக்கு சுமார் 3 மி.மீ. நகர்கிறது என்று கணக்குப் போட்டு 1941இல் எழுதினார். ஒருமுறை நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது பார்வையை அவர் முகத்துக்குச் சற்று வலப்புறம் திருப்பினாராம். நண்பரின் தலையைக் காணவில்லை. தோளும் கழுத்துப் பட்டையும் இருக்கின்றன. பின்சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் நெடுங்கோடுகள் தலை இருந்த இடத்தின் வழியாக இறங்கி வந்து கழுத்துப் பட்டை வரை ஓடுகின்றன. உங்கள் மஞ்சள் காகிதமும் இதுவும் ஒன்றுதான் அக்கா, அவருக்குக் காணாமல் போனது நண்பரின் தலை என்பதைத் தவிர.

யார் வரி போட்டது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. குரங்குகளை வைத்துப் பார்த்ததில், பார்வைப் புறணியில் இயற்கையான ஓட்டைக்கு நேராக இருக்கிற நரம்புசெல்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு கோடு ஓட்டையின் இரு கரையையும் தாண்டி ஓடினால், நடுவில் தகவலே இல்லாவிட்டாலும் அவற்றில் சில துடிக்கின்றன. ஆக, ஏதோ ஒரு நிரப்புதல் நிஜமாகவே நடக்கிறது. ஆனால் எல்லாமே அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. பின்மண்டைக்குப் பின்னால் யாரும் எதையும் நிரப்புவதில்லை. அங்கே வழிப்போக்கன் சொல்வதுதான் சரி: யாரும் கேட்கவே இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த மூன்று பிழைகள் ஓட்டைக்குள் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். கூர்மையான பார்வை என்பது அந்த நக அகலம்தான், ஏறக்குறைய 2 டிகிரி. மற்றதெல்லாம் மங்கல். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதும் இல்லை. கால் விநாடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். விநாடிக்கு மூன்று நான்கு தாவல். தாவுகிற நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைக்கப்பட்டுவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் நகர்வதை ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். அதையே போனின் முன்கேமராவில் செய்தால் தெரிந்துவிடும், படம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வருவதால்.

1975இல் மக்கான்கி, ரெய்னர் என்ற இருவர் கணினித் திரையில் செய்ததுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். வாசகரின் கண் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் உண்மையானவை. மற்ற எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் பெருக்கல் குறிபோல ஒரே எழுத்து. கண் எங்கே தாவினாலும் அந்த ஜன்னலும் கூடவே தாவும். ஜன்னல் போதிய அகலமாக இருந்தால் வாசகர் வழக்கமான வேகத்தில் படித்துக்கொண்டு போகிறார், முழுப் பக்கமும் எழுத்தாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது. எட்டிப் பார்க்கிறவருக்குப் பக்கம் பூராவும் குப்பை. ஆங்கில வாசகர்களுக்குத் தேவைப்பட்ட ஜன்னல், கண் நின்ற இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினைந்து எழுத்து.

நிற்காத இடத்தில் உள்ளதை முன்பின் வைத்துக் கணித்துக்கொள்கிறோம். சின்னச் சொற்களின் மேல் கண் பல சமயம் நிற்பதே இல்லை. 22 வருடம் தமிழ் படித்த மூளை சும்மா கணிக்குமா? மிக நன்றாகக் கணிக்கும். அதுதான் சிக்கல்.

சிவப்புமை

கடைசி வரியை ஒரு தொழில்காரியிடம் சொல்கிறீர்களே! எங்களுக்கு அது பாலபாடம். கதை சுவாரசியமாக இருந்தால் பிழை தப்பும். அதனால் முதல் வாசிப்பில் பொருளைப் பார்த்துவிட்டு, இரண்டாவது வாசிப்பைக் கடைசி வரியில் தொடங்கி மேலே போவேன். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொள்வேன். கீழிருந்து படித்தால் அடுத்த சொல் என்ன என்று ஊகிக்க முடியாது, கண் ஒவ்வொன்றிலும் நின்றாக வேண்டும். திரும்பி வந்த அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவசரம் என்று இரண்டாவது வாசிப்பு செய்யாமல் அனுப்பியது அது. ஓட்டையின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தேன், நடக்கவில்லை.

முன்கேமராவில் கண் தாவுவதைப் பார்த்தேன். தவளை மாதிரி இருக்கிறது. இப்படியா நான் இத்தனை வருடம் படித்துக்கொண்டிருந்தேன்!

இன்னும் இதுபோல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கண்ணை அழுத்தாமல்.

புள்ளிவெளிச்சம்

அக்கா, இது பத்திரமானது. தடித்த அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். கணினியில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, துளையைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டே அட்டையைச் சின்னச் சின்ன வட்டமாக, வேகமாக ஆட்டுங்கள். இலையுதிர்ந்த மரம் போல மெல்லிய கிளைகள் தெரியும். உங்கள் விழித்திரையின் ரத்தக்குழாய்கள். ஆட்டுவதை நிறுத்தினால் ஓரிரு நொடியில் மறைந்துவிடும்.

அந்தக் குழாய்களின் நிழல் பிறந்ததிலிருந்து உங்கள் விழித்திரையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே இடத்தில் விழுவதால் கண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. துளையை ஆட்டும்போது நிழல் இடம் மாறுகிறது, உடனே தெரிகிறது. புர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த மரத்தை விவரித்திருக்கிறார். அசையாத எதுவும் கண்ணுக்கு மறைந்துபோகும். கண் ஓயாமல் துளித்துளியாக நடுங்கிக்கொண்டிருப்பதால்தான் சுவர் சுவராக நிற்கிறது. 1950களில் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி பிம்பத்தை ஒட்டவைத்துப் பார்த்தபோது சில நொடியில் பிம்பமே அழிந்துபோனது.

மரத்தின் நடுவில் கிளை எதுவும் நுழையாத ஒரு சின்ன வெற்றிடம் தெரியும், தேடிப் பாருங்கள். நீங்கள் எழுத்துகளைப் படிப்பது அந்த இடத்தால்தான்.

மருந்தைத் தவறாமல் போடுங்கள். அடுத்த டெஸ்டுக்கு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் எடுத்த தாள் எனக்கும் உதவாது, உங்கள் மருத்துவருக்கும் உதவாது.

நுணுக்கு

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. உங்கள் கேள்வியின் நான்காவது பத்தியில் ‘என்று’ இரண்டு தடவை வந்திருக்கிறது. வேண்டுமென்றே போட்டதா?

வழிப்போக்கன்

நான் அந்தப் பத்தியை மூன்று முறை படித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். இப்போது போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

சிவப்புமை

வேண்டுமென்றே போட்டதாகச் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இல்லை. எழுதி முடித்ததும் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு நான்கு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும். குண்டூசியைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன்.